பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

முன்னுரை

எண்களுள் மிகப் பெரிய எண் என்று ஒன்று கிடையாது. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதனோடு ஒன்றைக் கூட்டி அதைவிடப் பெரிய எண்ணை நாம் சொல்லிவிடலாம். ஆகவே பெரிதாக இருப்பதனால் மட்டும் ஓர் எண்ணுக்குச் சிறப்பு வந்துவிடுவதில்லை. அந்த எண்ணுக்கென்று ஒரு பண்பு இருக்க வேண்டும். அப்பண்பில் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் அது வென்றிருக்க வேண்டும். அத்தகைய எண்ணைத்தான் கணித அறிஞர்கள் நின்று பார்க்கிறார்கள்.

67,46,32,83,88,800 என்பது அப்படிப்பட்ட ஓர் எண். ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று இதனைப் படிக்க வேண்டும். கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற பட்டியலின் கடைசி எண் இது. அதே பட்டியலில் இருந்திருக்க வேண்டிய வேறோர் எண் அதில் இல்லை. அவ்வாறு விடுபட்ட எண் 2,93,31,86,25,600. இந்த இரண்டு எண்களின் பண்புகளையும், இரண்டுக்கும் இடையே உள்ள உறவையும், அவற்றோடு நம் சென்னைக்குள்ள தொடர்பையும் இக்கட்டுரையில் காண்போம். கணிதம் பயிலும் மாணவர்கள் மட்டுமன்றித் தமிழும் வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களும் இதனைப் பின்தொடரலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

காரணிகளை எண்ணுதல்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு. அடுத்த எண்ணாகிய 13க்கு 1, 13 என்னும் இரண்டே காரணிகள். பங்கிட்டுக் கொடுக்க 12 இணங்கும், 13 இணங்காது.

நம் முன்னோர் அன்றாட வாழ்வில் பயன்படுத்திய அளவுகளை நோக்கினால் இந்த இணக்கம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும். ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தார்கள். 60க்குப் பன்னிரண்டு காரணிகள் உண்டு. தியாகராயநகர் நகைக்கடையில் 22 காரட் என்று சொல்லும்போது 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்று பொருள். 24க்கு எட்டுக் காரணிகள். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் எட்டு இல்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வருவதற்கு முன்பு ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. அந்த ரூபாயை மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி சரியாக வந்துவிடும். நூறு பைசா ரூபாயை மூன்று பேர் பங்கிட்டால் ஒரு பைசா மிஞ்சும். 192க்குப் பதினான்கு காரணிகளும் 100க்கு ஒன்பதே காரணிகளும் இருப்பதுதான் இந்த வேற்றுமைக்குக் காரணம். நூறாகப் பகுத்ததால் கணக்கு எழுதுவது எளிதாயிற்று. பங்கிடுவதில் சிறிது இழந்தோம்.

காரணிகள் எத்தனை என்று அறிய அவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் போதும். எடுத்துக்காட்டாக, 360 = 2³ × 3² × 5. இதன் காரணி ஒன்றை உருவாக்க, 2ஐ ஒரு முறையும் எடுக்காமலோ, ஒருமுறை, இருமுறை, மும்முறை எடுத்தோ பெருக்கலாம். இதற்கு நான்கு வழிகள். 3க்கு மூன்று வழிகள். 5க்கு இரண்டு வழிகள். ஆகவே காரணிகள் 4 × 3 × 2 = 24. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைத் தம்முள் பெருக்க வேண்டும் என்பதே விதி. பதின்மூன்று இலக்க எண்ணாயினும் இந்த விதி மாறாது.

மிகுபகு எண் என்றால் என்ன?

தனக்குக் கீழுள்ள ஒவ்வோர் எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை இராமானுஜன் தனியே பிரித்து ஆராய்ந்தார். அவர் ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் தமிழில் ‘மிகுபகு எண்’ என்று நாம் வழங்கலாம். பகா எண் எவ்வளவு பகுபடாததோ, அவ்வளவுக்கு எதிர்முனையில் நிற்பது இது.

தொடக்கத்தில் உள்ள மிகுபகு எண்கள் இவை: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040. இவற்றின் காரணிகளின் எண்ணிக்கை முறையே 2, 3, 4, 6, 8, 9, 10, 12, 16, 18, 20, 24, 30, 32, 36, 40, 48, 60. இந்த இரண்டாம் வரிசை ஏறிக்கொண்டே போவதைக் காண்க. 72க்கும் பன்னிரண்டு காரணிகள் உண்டு. ஆயினும் 60 முன்னரே பன்னிரண்டை எட்டிவிட்டதால் 72க்கு இடமில்லை. இது ஓட்டப் பந்தயச் சாதனை போன்றது. பழைய சாதனையைச் சமன் செய்தால் போதாது, முறியடிக்க வேண்டும்.

இவ்வரிசையின் கடைசியில் உள்ள 5040ஐக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். தாம் கற்பனை செய்த நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வரையறுத்தார். நிலத்தைப் பங்கிடவும் வரி விதிக்கவும் படை திரட்டவும் பலவாறு பிரிபடும் எண் வேண்டும் என்பது அவர் கருத்து. நிருவாகத்துக்கு உதவும் என்று பிளேட்டோ எடுத்துக்கொண்ட அந்தப் பண்பை இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு தமிழ் இளைஞர் முழுமையான கணிதக் கோட்பாடாக ஆக்கினார்.

இராமானுஜனின் 1915ஆம் ஆண்டுக் கட்டுரை

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இராமானுஜன் இழந்ததும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாமற் போனதும் நாம் அறிந்தவை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அடுத்த ஆண்டே, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் மிகுபகு எண்கள் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. 347ஆம் பக்கம் முதல் 409ஆம் பக்கம் வரை, மொத்தம் 63 பக்கங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு மறக்க இயலாத எண் அது! இக்கட்டுரையை அடிப்படையாகக் கொண்டு 1916 மார்ச்சு மாதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சியின் வழியாக பி.ஏ. பட்டம் அளித்தது. எஃப்.ஏ. தேறாத ஒருவருக்குப் பட்டம் வாங்கித் தந்தவை இந்த எண்களே. தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு தங்களைத் தாங்களே மட்டமாக மதித்துக்கொள்ளும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

அக்கட்டுரையில் 2 முதல் 67,46,32,83,88,800 வரையுள்ள மிகுபகு எண்கள் 102ஐ அவர் அட்டவணையாகத் தந்தார். கணிப்பொறி இல்லாத காலம். எல்லாம் கையால் போட்ட கணக்கு. எண்ணையும், அதன் பகாக் காரணிகளையும், காரணிகளின் எண்ணிக்கையையும் வரிசை வரிசையாக எழுதிச் சென்றார்.

மூன்று விதிகள்

இத்துணைப் பெரிய எண்களை அவர் எவ்வாறு தேடினார்? ஒவ்வோர் எண்ணாகச் சோதித்தால் ஓர் ஆயுள் போதாது. மிகுபகு எண் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுகொண்டால் தேட வேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிடும்.

முதல் விதி: பகா எண்களை 2, 3, 5, 7 என்று வரிசையாக, நடுவில் எதையும் விடாமல் எடுக்க வேண்டும். 84 = 2² × 3 × 7. இதில் 5ஐ விட்டு 7ஐ எடுத்திருக்கிறோம். 7க்குப் பதில் 5ஐ வைத்தால் 60. காரணிகள் அதே பன்னிரண்டு, எண்ணோ சிறியது. ஆகவே 84 தோற்றது.

இரண்டாம் விதி: சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரிய பகா எண்ணின் அடுக்கைவிடக் குறையக்கூடாது. 90 = 2 × 3² × 5. இங்கே 3இன் அடுக்கு 2இன் அடுக்கை மிஞ்சிவிட்டது. இரண்டு அடுக்குகளையும் மாற்றி வைத்தால் 2² × 3 × 5, அதாவது மீண்டும் 60. 90ம் தோற்றது.

மூன்றாம் விதி: கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். இதற்கு 4, 36 என்னும் இரண்டு எண்கள் மட்டுமே விலக்கு. முதலிரண்டு விதிகளும் நாமே கண்டுகொள்ளக் கூடியவை. மூன்றாவதை நிறுவப் பகா எண்களின் பரவல் பற்றிய அறிவு வேண்டும். இராமானுஜன் அதனை நிறுவினார்.

இந்த விதிகளுக்கு உட்பட்ட எண்ணெல்லாம் மிகுபகு எண் ஆகிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். 30 = 2 × 3 × 5 மூன்று விதிகளுக்கும் உட்பட்டதே. அதற்கு எட்டுக் காரணிகள். ஆனால் 24 முன்பே எட்டை எட்டிவிட்டது. விதிகள் பந்தயத்தில் கலந்துகொள்ளும் தகுதியைத் தருகின்றன. வெற்றியை நாம்தான் ஒப்பிட்டுப் பார்த்து அறிய வேண்டும். பட்டியல் போடுவதில் உள்ள இடர்ப்பாடு முழுவதும் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

கடைசி எண்ணின் அமைப்பு

இப்போது நம் பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்.

67,46,32,83,88,800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

2 முதல் 23 வரையுள்ள ஒன்பது பகா எண்களும் விடாமல் வந்துள்ளன. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்கி வருகின்றன. கடைசி அடுக்கு ஒன்று. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. இதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் பத்தாயிரத்து எண்பது காரணிகள் இல்லை.

தாளும் பேனாவும் எடுத்து இதனைப் படிப்படியாகப் பெருக்கிப் பார்ப்பது நன்று. 2⁶ × 3⁴ = 5,184. அதனை 25ஆல் பெருக்க 1,29,600. 49ஆல் பெருக்க 63,50,400. 11ஆல் பெருக்க 6,98,54,400. 13ஆல் பெருக்க 90,81,07,200. 17ஆல் பெருக்க 15,43,78,22,400. 19ஆல் பெருக்க 2,93,31,86,25,600. இறுதியாக 23ஆல் பெருக்க 67,46,32,83,88,800.

கடைசிப் படிக்கு முந்திய படியில் வந்த எண்ணைப் பாருங்கள். முன்னுரையில் நாம் குறிப்பிட்ட விடுபட்ட எண் அதுவே! பட்டியலின் இறுதி எண்ணுக்குள்ளேயே, அதன் இருபத்து மூன்றில் ஒரு பங்காக, விடுபட்ட எண் அடங்கியிருக்கிறது.

விடுபட்ட எண்

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இதன் காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040.

பட்டியலில் இதற்கு இருபுறமும் உள்ள எண்கள் எவை? கீழே 2,40,94,02,99,600, அதற்கு 4,800 காரணிகள். மேலே 3,21,25,37,32,800, அதற்கு 5,376 காரணிகள். 4,800க்கும் 5,376க்கும் நடுவே 5,040 பொருந்தி அமர்கிறது. 2ஐ முதலாவதாக வைத்து எண்ணினால் விடுபட்ட எண்ணின் இடம் தொண்ணூறாவது. பட்டியலில் 102 எண்கள் இருக்கின்றன. 103 இருந்திருக்க வேண்டும்.

இந்த மூன்று எண்களுக்கும் இடையே ஓர் அழகான உறவு உண்டு. விடுபட்ட எண்ணிலிருந்து 28ஐ எடுத்துவிட்டு (அதாவது 28ஆல் வகுத்து) 23ஐச் சேர்த்தால் கீழ் அண்டை எண் வருகிறது. 21ஐ எடுத்துவிட்டு 23ஐச் சேர்த்தால் மேல் அண்டை எண் வருகிறது. 23 என்பது 28ஐவிடச் சிறியது, 21ஐவிடப் பெரியது; அதனால்தான் ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் நிற்கின்றன. அண்டையில் உள்ள இருவரிடத்திலும் 23 இருக்கிறது; 7 ஒருமுறைதான் வருகிறது. நடுவில் உள்ளவரிடம் 23 இல்லை. 7 இருமுறை வருகிறது. 19உடன் முடியும் எண்கள் விடைபெற்று 23உடன் முடியும் எண்கள் வரிசையைப் பிடித்துக்கொள்ளும் எல்லை அது. பட்டியலில் இதற்கு மேல் வரும் பதின்மூன்று எண்களும் 23இல் முடிகின்றன. 19இல் முடியும் கடைசி எண் எதுவோ அதுவே விடுபட்டிருக்கிறது.

இது மிகுபகு எண்தானா என்று நாமும் சோதிக்கலாம். அதனைவிடச் சிறிய போட்டியாளர்கள் சிலரை எடுத்துக்கொள்வோம். 24ஐ எடுத்து 23ஐ வைத்தால் 2,81,09,70,16,200, காரணிகள் 4,608. 30ஐ எடுத்து 23ஐ வைத்தால் 2,24,87,76,12,960, காரணிகள் 4,608. 7ஐ எடுத்து 6ஐ வைத்தால் 2,51,41,59,64,800. காரணிகள் மறுபடியும் 4,608. வெறுமனே 2ஆல் வகுத்தால் காரணிகள் 4,320. எவரும் 5,040ஐ எட்டவில்லை.

சிலரை வென்றால் போதுமா, எல்லாரையும் வெல்ல வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கும் வழி உண்டு. முதல் பதினொரு பகா எண்களின் பெருக்கல் 2,00,56,04,90,130. பன்னிரண்டாவதாகிய 37ஐச் சேர்த்தால் நம் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே எந்தப் போட்டியாளருக்கும் பதினொன்றுக்கு மேற்பட்ட பகா எண்கள் இருக்க முடியாது. அடுக்குகள் இறங்குவரிசையில்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டு கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்ட அமைப்புகள் எண்ணி முடிக்கக் கூடியவை. அவற்றை ஒன்றுவிடாமல் எழுதிச் சோதிக்கக் கணிப்பொறிக்குச் சிறிய நிரல் ஒன்று போதும். இயந்திரம் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும் இந்த வேலையை மனிதன் தாளில் செய்தால் என்ன பாடு என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர். அந்தப் பாட்டைப் பட்டு 103இல் 102ஐச் சரியாகப் பிடித்தவர் இராமானுஜன்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு தொடர்ச்சி

இக்கதை 1915உடன் முடியவில்லை. இராமானுஜனின் கட்டுரை முழுவதும் அன்று அச்சாகவில்லை. இலண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. ஆகவே கட்டுரையின் பிற்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் இராமானுஜன் காலமானபோது அப்பகுதி கையெழுத்துப் படியாகவே இருந்தது. 1944ஆம் ஆண்டு அலாவோக்ளு, பால் எர்டிஷ் என்னும் இருவர் மிகுபகு எண்களையும் அவற்றையொத்த வேறு எண்களையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் புதிதாகக் கண்ட சில வகை எண்கள் அச்சேறாத அந்தப் பகுதியில் முன்பே இடம்பெற்றிருந்தன. அச்சுக் கூலிக்குப் பணம் இல்லாத காரணத்தால் ஒரு துறை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது!

சென்னையின் தென்பகுதியில் இதன் தொடர்ச்சி நிகழ்ந்தது. மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லமாகிய ‘ஏகாம்ர நிவாஸ’த்தில் இயற்பியல் கருத்தரங்குகள் நடத்திவந்தார். அதிலிருந்து வளர்ந்ததே 1962 சனவரி 3ஆம் நாள் தொடங்கப்பெற்றுப் பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியில் அமைந்த கணித அறிவியல் நிறுவனம். அவருடைய மகன் கிருஷ்ணசாமி அல்லாடி மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவராக இருந்தபோதே ஓர் எண்ணின் பகாக் காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றி ஆராய்ந்தார். அதனை அறிந்த எர்டிஷ், 1975ஆம் ஆண்டு சனவரியில் அந்த மாணவரைச் சந்திப்பதற்காகவே சென்னைக்கு வந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977இல் வெளிவந்தது. உலகறிந்த பேராசிரியர் ஒருவர் ஒரு கல்லூரி மாணவரைத் தேடி வந்தார் என்பது நம் போன்ற மாணவர்கள் நினைத்து நினைத்து மகிழத்தக்க செய்தி.

அந்த மாணவர் ஆராய்ந்த கூட்டுத்தொகையை நம் எண்களுக்குப் போட்டுப் பார்ப்போம். விடுபட்ட எண்ணில் 2 ஆறுமுறை, 3 நான்குமுறை, 5 இருமுறை, 7 இருமுறை; இவை 12 + 12 + 10 + 14 = 48. மற்றவை 11 + 13 + 17 + 19 = 60. மொத்தம் 108. கோயிலில் நூற்றெட்டு வலம் வருவோர் நிறைந்த நம் ஊரில் இந்த விடை பலரைப் புன்முறுவல் செய்ய வைக்கும். இது தற்செயலே, இதற்கு உட்பொருள் ஒன்றும் தேட வேண்டியதில்லை. கடைசி எண்ணுக்கு 23ஐக் கூட்ட 131. அது ஒரு பகா எண்.

அல்லாடி பின்னர் இராமானுஜனின் பெயரால் ஒரு கணித ஆய்விதழைத் தோற்றுவித்தார். 1997ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதல் தொகுதியில்தான், நிறுத்தி வைக்கப்பட்ட அப்பகுதி நிக்கோலா, ராபன் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்களின் விளக்கக் குறிப்புகளோடு வெளியிடப்பட்டது. எழுதி எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், மயிலாப்பூர் மாணவர் ஒருவர் தோற்றுவித்த இதழில் இராமானுஜனின் கட்டுரை நிறைவு பெற்றது.

5040 மறுபடியும் வருகிறது

இவ்வெண்களால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணிதத்தில் இன்னும் தீராத சிக்கல்களுள் முதன்மையானது ரீமன் கருதுகோள். 1859இல் முன்வைக்கப்பட்ட அதனை நிறுவுவோர்க்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. மேலே குறிப்பிட்ட ராபன் 1984ஆம் ஆண்டு அதனை வேறு உருவில் சொல்லலாம் என்று காட்டினார். ஓர் எண்ணின் காரணிகள் அனைத்தையும் கூட்டுக. பிறகு அந்த எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மீண்டும் இயல் மடக்கை எடுத்து, அதனை அந்த எண்ணாலும் 1.781 என்னும் மாறிலியாலும் பெருக்குக. இந்த இரண்டாவது விடையே வரம்பு. 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகையும் வரம்பை எட்டாது என்று நிறுவினால் ரீமன் கருதுகோள் நிறுவப்பட்டதாகும்.

5040க்குக் கூட்டுத்தொகை 19,344. வரம்போ ஏறத்தாழ 19,237. அங்கே வரம்பு மீறப்படுகிறது. அதற்குப் பின் வரம்பை மீறிய எண் எதுவும் இதுவரை அகப்படவில்லை. நம் 67,46,32,83,88,800க்குக் காரணிகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணைப் போல ஏறத்தாழ 5.84 மடங்கு; வரம்பு 6.03 மடங்கு. மிக அருகில் வந்தும் உள்ளேயே நிற்கிறது. ரீமன் கருதுகோள் மெய்யென்று கொண்டால் போதிய அளவு பெரிய எண்கள் இவ்வரம்புக்குள் அடங்கும் என்பதை இராமானுஜன் அச்சேறாத அந்தப் பகுதியில் முன்பே எழுதி வைத்திருந்தார்.

முடிவுரை

இராமானுஜனைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர் பட்ட வறுமையையும் பெற்ற புகழையும் மேடைகளில் விரித்துரைக்கிறோம். அவர் போட்ட கணக்கை எடுத்துப் பார்ப்போர் எத்தனை பேர்? பட்டியலில் ஓர் எண் விடுபட்டது என்று சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. அவர் நிறுவிய விதிகளில் எதுவும் இந்த விடுபாட்டால் அசையவில்லை. விடுபட்ட எண்ணை நாம் இன்று இனங்காண்பதே அவர் தந்த விதிகளைக் கொண்டுதான். அட்டவணை மனித உழைப்பு. அதில் ஒன்று தவறலாம். நிரூபணம் தவறாது நிற்கிறது. ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டியதில்லை என்ற உரிமையைக் கணிதம் எல்லார்க்கும் தருகிறது. ஒரு கலைக் கல்லூரி மாணவரும் தாளும் பேனாவும் கொண்டு பெருமேதையின் பட்டியலைச் சரிபார்க்கலாம். பெரியோரின் நூலைச் சரிபார்த்துப் படிப்பதும் அவர்க்குச் செய்யும் மரியாதையே.

விருப்பமுள்ள நண்பர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு லட்சத்துக்குக் கீழுள்ள மிகப் பெரிய மிகுபகு எண் எது? மூன்று விதிகளையும் பயன்படுத்தினால் ஒரு மாலைப் பொழுதில் விடை வந்துவிடும். அதற்கு 128 காரணிகள் இருக்கும் என்பதை மட்டும் குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.